தூக்குக்குண்டும் முள்ளந்தண்டும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், தருமபுரத்தைக் கடந்ததும் வருவது விசுவமடு. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திற் போர் இவ்வூரைக் கடந்து சென்றது. மக்கள் மீண்டுவந்து குடியமர்ந்த பின்னர், 2012ஆம் ஆண்டு முதல் இந்திய வீடமைப்புத் திட்டமும் பிற திட்டங்களும் வன்னியெங்கும் நடைபெற்ற காலத்தில், வளவுக்கு வளவு மேசன்மார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தனர். அவர்தம் கருவிகளுள் மிக எளியது, நூலின் நுனியிற் கட்டிய ஓர் இரும்புக் குண்டு. சுவர் நேராக எழுகின்றதா என்பதை அறிய, மேசன் அந்நூலைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பார்த்த பின்னரே அடுத்த கல்லை வைப்பார்.

அதே நூலைக் கொண்டு மனித உடலையும் பார்க்கலாம் என்பதே இன்று நான் கூறவந்த செய்தி. சுவரைப் பாராது கல் அடுக்கும் மேசனை நாம் வேலையினின்றும் நிறுத்திவிடுவோம். உடலைப் பாராது பயிற்சி கற்பிப்போரையோ கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றோம்.

எமது பாடசாலைச் சுகாதார நூல்களில் ‘கொண்ணிலை’ என்றொரு சொல் வழங்குகின்றது. நிற்கும்போதும், இருக்கும்போதும், நடக்கும்போதும் உடலின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமைந்து நிற்கும் முறைக்கு அது பெயர். இதனை நூல்கொண்டு அளக்கும் முறையைச் செம்மையாக வகுத்தவர்கள் அமெரிக்காவின் இயன்மருத்துவர்களான கெண்டல் தம்பதியர். அவர்களுடைய நூல் 1952ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். தொங்கும் நூல் அவருடைய வெளிப்புறக் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் வருமாறு அவரை அமையுங்கள். நூலைக் காதோடு பொருத்தலாகாது. நிலத்தில் ஊன்றிய பாதமே அசையாத இடமாதலின், அங்கிருந்தே அளவு தொடங்கவேண்டும். நன்கு அமைந்த உடலில், நூல் முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னும், இடுப்பு மூட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னும், தோள்மூட்டின் நடுவிலும், காதின் மடல் வழியாகவும் செல்லும். பின்புறமாக நின்று பார்க்கும்போது, நூல் இரு குதிகளுக்கும் நடுவில் எழுந்து, முள்ளந்தண்டின் வழியே சென்று, தலையை இரு சம கூறாக்கும்.

நூலைவிட்டு விலகும் இடங்களைக் குறித்துக்கொள்வது எளிது. அவ்விலகலுக்குக் காரணம் யாது, அதனைப் பயிற்சியினால் மாற்றல் கூடுமா என்னும் வினாக்களே கடினமானவை. இவ்வினாக்களைக் கேளாமையால் விளைந்த கேடொன்றை நான் என் கண்ணாற் கண்டிருக்கின்றேன்.

நான் படித்த பாடசாலையில் நாள்தோறும் காலையிற் ‘டிறில்’ நடைபெறும். நெஞ்சை முன்தள்ளு, வயிற்றை உள்ளிழு, தோளைப் பின்வாங்கு என்னும் கட்டளைகள் நூறு பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே இடப்படும். என் வகுப்பில் ஒருவனுக்கு வலத்தோள் சற்று உயர்ந்து நிற்கும். “தோளை இறக்கு” என்று ஆசிரியர் அதட்டுவார். சிலவேளை பிரம்பும் பேசும். அவன் இறக்குவான், மறுகணம் அது உயர்ந்துவிடும். சோம்பேறி என்று அவனுக்குப் பெயரும் சூட்டியாயிற்று. அந்த ஆண்டுகளில் அவனைக் குனியச்செய்து, பின்னால் நின்று முதுகைப் பார்த்தவர் ஒருவரேனும் இலர். வேறொரு நோய்க்காக வைத்தியசாலை சென்றபோது ஒரு வைத்தியர் அதனைச் செய்தார். வலப்புற விலாக்கள் மேடுபோல எழுந்து நின்றன. முள்ளந்தண்டு பக்கமாக வளைந்து முறுகியிருந்தது. அப்போது அவனுக்கு வயது பதினெட்டு. வளர்ச்சி நின்றுவிட்டது, வளைவை வளரும் பருவத்திலேயே தடுக்கும் வாய்ப்பும் அதனோடு போய்விட்டது.

குனியச்செய்து பார்க்கும் இம்முறை புதியதன்று. 1865ஆம் ஆண்டிலேயே வில்லியம் அடம்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் அதனை விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. பிள்ளை இரு பாதங்களையும் சேர்த்து, முழங்கால்களை மடியாது, கைகளைக் கூப்பியவாறு தொங்கவிட்டு மெல்லக் குனியவேண்டும். பார்ப்பவர் பின்னால் அமர்ந்து, முதுகின் இரு பாதிகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று நோக்கவேண்டும். உண்மையான பக்கவளைவில் முள்ளென்புகள் வளைவதோடு திரும்பவும் செய்கின்றன. அவற்றோடு விலாக்களும் திரும்புவதால் ஒருபுறம் மேடாகின்றது. பழக்கத்தினால் மட்டும் சாய்ந்து நிற்கும் பிள்ளையிடம் குனிந்தவுடன் சாய்வு மறைந்துவிடும். ஒரு கால் குறுகியிருப்பதாற் சாய்ந்து நிற்பவரை வாங்கிலில் இருக்கச் செய்தால், இடுப்பு மட்டமாகிச் சாய்வு நீங்கும். நிற்கையில் மூவரும் ஒரே தோற்றத்தினர். மூவருக்கும் செய்யவேண்டியதோ வெவ்வேறு. முதலாமவரை வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். இரண்டாமவருக்குப் பயிற்சி போதும். மூன்றாமவருக்குச் செருப்பின் அடியில் வைக்கும் தட்டொன்று வேண்டியிருக்கலாம்.

வைத்தியரிடம் அனுப்புவதாற் பயனுண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. வளரும் பருவத்துப் பக்கவளைவுக்கு உடற்கவசம் அணிவிக்கும் சிகிச்சையைப் பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வொன்று 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கவசம் அணிந்தோருள் 72 விழுக்காட்டினரின் வளைவு, வளர்ச்சி முடியும்வரை 50 பாகையை எட்டவில்லை. அணியாது கண்காணிக்கப்பட்டோருள் அவ்வாறு தப்பியவர் 48 விழுக்காட்டினர். அறுவைச் சிகிச்சை பற்றி எண்ணவேண்டிய எல்லை அந்த 50 பாகை. நாளொன்றுக்கு அதிக மணிநேரம் அணிந்தோருக்கே பயனும் அதிகம். ஆயினும் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் மட்டுமே இது கைகூடும். என் வகுப்புத் தோழனின் தோளை இறக்கச்சொல்லிக் கழிந்த ஆண்டுகள் அந்தக் காலமே.

‘டிறில்’ என்னும் பொதுப் பயிற்சியை நான் பழிக்கவில்லை. சுவீடன் நாட்டுப் பேர் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அங்கு வகுக்கப்பட்ட முறை ஐரோப்பியப் பாடசாலைகளிற் பரவிப் பின்னர் கீழ்நாடுகளையும் எட்டியது. உடலை அசையச் செய்யும் அளவில் அது நன்மையே. குறைதீர்க்கும் பயிற்சி என்பதோ வேறு. அதனைக் குறை இன்னதென்று அறிந்த பின்னரே கொடுக்கவேண்டும்.

இனி விசுவமடுவின் வயலுக்கும் தோட்டத்துக்கும் வருவோம். 1960களில் இளைஞர் குடியேற்றத் திட்டம் கண்ட ஊர் இது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்குள்ள மிளகாய்த் தோட்டங்கள் பலரை வாழவைத்தன. மிளகாய் பெரிதும் குனிந்தே வளர்க்கவேண்டிய பயிர். கன்று நடுகையும், உழவாரத்தாற் புல் செருக்குதலும், பழம் பறித்தலும் குனிந்தவாறே நடைபெறும். மாலையில் நாரியைப் பிடித்துக்கொண்டு வரும் கமக்காரரிடம் “முதுகுத்தசை களைத்துவிட்டது” என்று சொல்வது வழக்கம். உண்மை சற்று வேறானது. 1950களின் தொடக்கத்தில் இலண்டனில் ஃபுளொயிட், சில்வர் என்னும் இருவர், குனிந்து நிமிரும்போது முதுகுத்தசைகளில் எழும் மின்னலைகளைப் பதிவுசெய்தனர். குனியத் தொடங்கும்போது தசைகள் கடுமையாக உழைக்கின்றன. முற்றாகக் குனிந்துவிட்டாலோ அவை அடங்கி வாளாவிருக்கின்றன! அந்நிலையில் உடலின் பாரத்தைத் தாங்குபவை எலும்புகளைப் பிணைக்கும் இணையங்களும் பிற மென்றசைப் பகுதிகளுமே. நெடுநேரம் இழுபட்ட இணையம் தளர்ந்து நீளும். பழைய நிலைக்கு மீளச் சிறிதுநேரம் செல்லும். அத்தளர்ச்சி நீங்குமுன், எழுந்தவுடன் ஒரு சாக்கு மிளகாயைத் தோளில் ஏற்றுபவரின் முள்ளந்தண்டுக்குக் காவல் குறைவு.

ஆகையால் தோட்டத்தில் வேலை செய்வோர், குனிந்த வேலை முடிந்ததும் பாரம் தூக்குமுன் சில நிமிடம் நிமிர்ந்து நடப்பது நன்று. இடுப்பின் பின்புறம் இரு கைகளையும் ஊன்றி, மெல்லப் பின்சாய்ந்து, ஐந்தாறு முறை நிமிர்தல் வேண்டும். வேலையினிடையே குந்தியிருத்தல், ஒரு முழங்காலை ஊன்றுதல், நீண்ட பிடியுள்ள கருவியைக் கையாளல் எனக் கோலத்தை மாற்றிக்கொள்ளலும் உதவும். ஒரே கோலத்தில் நெடுநேரம் நிற்றலைவிட, அழகற்ற பல கோலங்கள் மேலானவை என்பது என் கருத்து.

இவ்வாறு நாள்தோறும் குனிபவரின் மேல்முதுகு சற்றே உருண்டு, தலை முன்தள்ளி நிற்பதுண்டு. அதற்குரிய சோதனை எளியது. குதிகளைச் சுவரோடு சேர்த்து, முதுகையும் சுவரிற் சாய்த்து நின்று, மோவாயை உயர்த்தாது பிடரியாற் சுவரைத் தொடமுடிகின்றதா? முடியுமாயின் அந்த வளைவு இன்னும் நெகிழ்வுள்ளது; பயிற்சிக்கு இணங்கும். பாயிற் குப்புறப் படுத்து, கைகளை உடலோடு வைத்து, நெஞ்சை நிலத்தினின்றும் சற்று உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தலாம். பத்து முறை செய்தாற் போதும். வாயில்நிலையின் இருபுறமும் முன்கைகளை ஊன்றி, ஓரடி முன்வைத்து நெஞ்சுத்தசைகளை நீட்டுதலும் அதனோடு சேரும்.

பிடரி சுவரைத் தொடவே மறுப்பின், அது பிடிவாதமான வளைவு. முதிய தாய்மாரிடத்து அது பெரும்பாலும் எலும்பு தேய்ந்து முள்ளென்புகள் முன்புறம் நசுங்கியதன் அடையாளமாயிருக்கலாம். அவர்களுக்குக் குனியும் பயிற்சி தீங்கு. இதனை நான் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தினர், எலும்புத் தேய்வுடைய 59 பெண்களைப் பற்றிய ஆய்வை 1984ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முன்குனியும் பயிற்சி செய்தோருள் 89 விழுக்காட்டினருக்கு முள்ளென்புகளில் மேலும் நசிவு ஏற்பட்டது. பின்நிமிரும் பயிற்சி செய்தோருள் அது 16 விழுக்காடு. பயிற்சியே செய்யாதிருந்தோருள் 67 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், எனினும் பிழையான பயிற்சி, சும்மா இருப்பதினும் கேடாக முடியலாம் என்பதை இதனினும் தெளிவாக யாரால் உரைக்கமுடியும்? இளைஞர்க்கு நலஞ்செய்த பயிற்சியைப் பாட்டிக்கும் சொல்லிக்கொடுக்கும் அன்புள்ள பேரப்பிள்ளைகள் இதனைக் கருத்திற்கொள்க. வளைவு ஒரே இடத்திற் கூர்மையாகப் புடைத்து, இரவில் வலியும், காய்ச்சலும், உடல் மெலிவும் உடன்வரின், காசநோய் முள்ளந்தண்டைப் பற்றியிருக்கவும் கூடும். அங்கே பயிற்சிக்கு இடமில்லை, வைத்தியசாலைக்கே செல்லவேண்டும்.

வன்னியில் இவற்றோடு இன்னொன்றும் எண்ணவேண்டியிருக்கின்றது. போரிற் காலிழந்தோர் இங்கு வாழ்கின்றனர். உடலில் இரும்புத் துண்டுகளைச் சுமந்து வாழ்வோரும் உளர். ஒருவர் ஒருபுறம் சாய்ந்து நடக்கின்றார் என்றால், அச்சாய்வு வலியினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள அவருடலே கண்ட வழியாயிருத்தல் கூடும். அதனை நிமிர்த்த முயலுமுன் அவர் வரலாற்றைக் கேட்டறிதல் வேண்டும். கேட்பதுவும் சோதனையின் ஒரு பகுதியே.

தொடைக்குமேற் காலிழந்து செயற்கைக் கால் பூண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடையொன்றில் நாள் முழுதும் கதிரையில் இருக்கின்றார். எழுந்து நின்றால் நாரி உட்குழிந்து, வயிறு முன்தள்ளி நிற்கின்றது, மாலையில் நாரிவலி. அவரருகே, இரு கால்களும் நலமுள்ள வேறொருவரும் அதே குழிவோடு நிற்கின்றார். நூல் இருவருக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்லும். இருவரையும் வாங்கிலில் மல்லாந்து படுக்கச்செய்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலிழந்தவர் தம் நல்ல காலை அணைக்கட்டும். இரண்டாமவரின் மற்றத் தொடை வாங்கிலிலேயே படிந்திருக்கின்றது. அவருக்கு வயிற்றுத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியால் நன்மையுண்டு. முதலாமவரின் எஞ்சிய தொடையோ வாங்கிலைவிட்டு எழுகின்றது. நெடுநேரம் மடிந்தே இருந்ததால் இடுப்பின் முன்புறத் தசைகள் குறுகிவிட்டன. தொடை பின்செல்ல மறுப்பதால், நிமிர்ந்து நிற்க நாரியைக் குழிப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை. இவருக்குப் படுத்தெழும் பயிற்சியைக் கற்பித்தால், குறுகிய அதே தசைகளையே மேலும் வேலைவாங்கியவராவோம். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருத்தலே இவருக்கு மருந்து. காலையும் மாலையும் அரைமணியளவு போதும். செலவற்ற மருந்து, ஆயினும் பார்த்தறியாதவர் அதனைச் சொல்லமாட்டார்.

செயற்கைக் காலின் உயரமும் நோக்கற்பாலது. அது சற்றுக் குறுகினாலோ நீண்டாலோ இடுப்பு சரியும்; முள்ளந்தண்டு அதனை ஈடுசெய்ய வளையும். உயரம் அறிந்த மெல்லிய பலகைகளைக் குறுகிய காலின் கீழ் ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பின் இருபுறமும் மட்டமாகும்வரை பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். திருத்துவதோ அதனைச் செய்யும் நிலையத்தாரின் பணி. 1968ஆம் ஆண்டில் இராமசந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய பாதம், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் குந்தியிருக்கவும் இடந்தருவது; கமக்காரனை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. அப்பெயர் தாங்கிய புனர்வாழ்வு நிலையம் யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. வளரும் பிள்ளையின் செயற்கைக் காலை அடிக்கடி அளந்து மாற்றுதல் இன்றியமையாதது. பிள்ளையின் மற்றக் கால் காத்திருப்பதில்லை.

இத்துணையும் கூறியபின், நூலைத் தெய்வமாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். நூலைவிட்டு விலகி நிற்போர் யாவரும் நோயாளர் அல்லர். வளைந்த முதுகோடு வலியின்றி எண்பது வயதுவரை கமஞ்செய்தோர் நம்மிடையே உளர். நூல்போல நிற்போர் நாரிவலியால் வருந்துவதும் உண்டு. நிற்கும் கோலத்தைக் கொண்டே வருங்கால வலியைக் கணிக்கலாம் என்னும் பழைய நம்பிக்கையைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அந்நம்பிக்கை சிலவிடங்களில் எல்லை கடந்தும் சென்றது. 1940கள் முதல் 1960கள் வரை அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் சில, கொண்ணிலையை ஆராய்வதாகக் கூறிப் புதிய மாணவரை ஆடையின்றி நிறுத்திப் படம்பிடித்தன. பின்னாளில் அவை வெளிவந்தபோது பெரும் வெட்கமாயிற்று, படங்கள் அழிக்கப்பட்டன. நம் பாடசாலைகளிற் பார்ப்போர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். மெல்லிய மேலாடையோடு பார்த்தாலே பெரும்பாலும் போதுமானது. பெண்பிள்ளையைப் பார்ப்பவர் பெண்ணாகவோ, தாயை அருகில் வைத்துக்கொண்டோ பார்த்தல் வேண்டும். கண்ட குறையை வகுப்பின் முன் உரைத்தல் ஆகாது.

வீட்டிற் பார்ப்பதாயின், பத்து வயது முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறை குனியச்செய்து பார்க்கலாம். அவ்வயதிலேதான் அவர்கள் விரைந்து வளர்கின்றார்கள். தோள்களின் உயரம், தோட்பட்டையின் கீழ்நுனி, கைக்கும் இடுப்புக்கும் இடையே தோன்றும் வெளியின் அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து நாளையும் இடுங்கள். முதுகில் மேடு தென்பட்டால், மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அக்கொப்பியோடு செல்லுங்கள். பயிற்சி தொடங்கியவர் ஆறு வாரங்களின் பின் அதே சுவரருகில், வெறுங்காலோடு, அதே நேரத்தில் மீண்டும் பார்த்தல் வேண்டும். காலையில் நிமிர்ந்து நிற்பவர் மாலையிற் சற்றுத் தளர்ந்து நிற்பது இயல்பு. மாற்றம் சிறிதும் காணாவிடின், அதே பயிற்சியை இருமடங்காக்குவதை விடுத்து இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

குண்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தையல் நூலின் நுனியில் ஒரு சிறு கல்லையோ பூட்டையோ கட்டி, காற்று வீசாத உள்ளறையின் வாயில்நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டாற் போதும். நூல் ஆடி ஓயும்வரை பொறுத்திருந்து பாருங்கள். பிள்ளையும் அதுவரை விறைத்து நில்லாது, தன்னியல்பில் நிற்கப் பழகிவிடும்.